அமெரிக்கா வழியாக இங்கிலாந்து வரும் குடும்பங்களுக்கு

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேராக இங்கிலாந்தில் வந்து இறங்குகிறவர்கள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். நடுவில் ஏழெட்டு வருடம் அமெரிக்காவில் குடித்தனம் நடத்திவிட்டு வருகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். நான் இரண்டாவது ரகம். நியூ ஜெர்சியில் எட்டு வருடம் இருந்தோம். அப்புறம் என் கணவருக்கு வேலை மாற்றலானது. எட்டு வயது மகள், அப்போதுதான் நான்கு முடிந்த மகன், பதினோரு பெட்டி. இவற்றோடு ஒரு ஆகஸ்ட் மாதம் ரெடிங் பக்கம் வந்து சேர்ந்தோம்.

‘அதே இங்கிலீஷ்தானே, என்ன பெரிய வித்தியாசம்’ என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மொழி ஒன்றாக இருப்பதுதான் சிக்கலே. ஜப்பானுக்குப் போயிருந்தால் ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பேன். இங்கே கேட்கத் தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது: அமெரிக்காவில் கற்றதில் பாதியை மறக்க வேண்டும், ஊரில் படித்ததில் பாதியைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். தேதியில் நாள் முதலில் வரும். கடைசி எழுத்து ‘ஸெட்’. ‘கலர்’ என்று எழுதும்போது ‘யு’ போட வேண்டும். தரைத்தளம் வேறு, முதல் மாடி வேறு. எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான், பிள்ளைகளுக்குத்தான் புதிது.

முதல் படி: பெட்டி கட்டும்போது

மின்சாரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் முதல் நஷ்டம் அதில்தான். அமெரிக்காவில் 120 வோல்ட், இங்கே நம் ஊர் மாதிரி 230. அங்கே வாங்கிய 110 வோல்ட் வெட் கிரைண்டரை வெறும் பிளக் மாற்றியை நம்பிச் சொருகினேன். ஐந்து நொடி நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு வாடை. பிளக் மாற்றி துளையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. லேப்டாப், போன் சார்ஜர்களின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் தாராளமாகக் கொண்டுவரலாம். மிக்சி, கிரைண்டர், இன்ஸ்டன்ட் பாட், முடி உலர்த்தி எல்லாவற்றையும் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து வரும் மிக்சி இங்கே அப்படியே ஓடும். ஃபியூஸ் வைத்த மூன்று முனை பிளக் ஒன்றைப் போட்டால் போதும். அம்மா வாங்கித் தந்த பழைய மிக்சியை எட்டு வருடம் கழித்து ஊர்ப் பரணிலிருந்து வரவழைத்தேன்.

மெத்தை, கட்டில் வேண்டாம். அமெரிக்க ‘குவீன்’ அளவும் இங்கத்திய ‘கிங்’ அளவும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் படுக்கை விரிப்புகளை மட்டும் வேண்டுமானால் எடுத்துவரலாம்.

காகிதங்களில் மூன்றைக் கைப்பையில் வையுங்கள். ஒன்று, பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு. அமெரிக்காவில் இது இல்லாமல் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். இங்கே பள்ளி கேட்காது, ஆனால் டாக்டர் கேட்பார். இரண்டு, பள்ளி மதிப்பெண் அறிக்கைகள். மூன்று, பழைய வீட்டுக்காரரிடம் ‘ஒழுங்காக வாடகை கொடுத்தார்கள்’ என்று ஒரு கடிதம். அமெரிக்காவில் பாடுபட்டு வளர்த்த கிரெடிட் ஸ்கோர் அட்லான்டிக்கைத் தாண்டாது. இங்கே நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறீர்கள்.

அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கும். அது இருந்தால் விசா இல்லாமல் சுற்றிப் பார்க்க வரலாமே தவிரத் தங்க முடியாது, உங்களோடு சேர்த்து அவர்களுக்கும் விசா எடுக்க வேண்டும். இதோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்காவில் போல, இங்கே பிறந்துவிட்டாலே குடியுரிமை கிடைத்துவிடாது. 1983-லிருந்து, பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு பெற்றவராகவோ இருந்தால்தான் பிறக்கும்போதே குடியுரிமை. இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் பலர் இதை வந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள்.

இரண்டாம் படி: வீடு

அமெரிக்காவில் வீட்டைச் சதுர அடியில் பேசுவார்கள். இங்கே ‘மூன்று பெட்ரூம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த மூன்றாவது பெட்ரூமில் ஒரு ஒற்றைக் கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. விளம்பரத்தில் தரைப்படம் இருக்கும், அளவுகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். வாஷிங் மெஷின் சமையலறையில் இருக்கும். டிரையர் பெரும்பாலும் இருக்காது, துணியை ஸ்டாண்டில் போட்டுத்தான் காயவைக்க வேண்டும். குளிர்காலத்தில் உள்ளேயே காயப்போட்டு ஜன்னலையும் சாத்தி வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். தினமும் பத்து நிமிடமாவது ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும் என்று எங்கள் வீட்டு ஏஜென்ட் சொன்னபோது சிரித்தேன். பிப்ரவரியில் சிரிக்கவில்லை.

குளியலறையில் ஷேவர் துளையைத் தவிர வேறு பிளக் இருக்காது. விளக்குக்குச் சுவிட்ச் தேடாதீர்கள், மேலேயிருந்து ஒரு கயிறு தொங்கும், அதை இழுக்க வேண்டும். பழைய வீடுகளில் வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய். நடுவில் கையை வைத்துக்கொண்டு நீங்களே கலந்துகொள்ள வேண்டியதுதான்.

வாடகை பேசி முடித்ததும் செலவு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நியூ ஜெர்சியில் சொத்து வரி வீட்டுக்காரர் தலைவலி. இங்கே கவுன்சில் வரி என்று ஒன்று உண்டு. அதைக் கட்ட வேண்டியது குடியிருப்பவர். ‘ஏ’ முதல் ‘எச்’ வரை வீடுகளைத் தரம் பிரித்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இங்கிலாந்தில் அந்தத் தரம் இன்றைக்கும் 1991 ஏப்ரலில் வீடு என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்துத்தான். வழக்கமாகப் பத்துத் தவணையில் கட்டலாம். வீட்டைப் பிடிக்கும் முன்னாலேயே எந்தத் தரம் என்று கேளுங்கள். முன்பணம் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். இது சட்டம், தயங்காமல் ரசீது கேளுங்கள்.

அப்புறம் டிவி உரிமம். அமெரிக்காவில் யாரும் கேள்விப்படாத சங்கதி. எந்தச் சேனலையும் நேரலையாகப் பார்த்தால் இந்தக் கட்டணம் உண்டு, ஆண்டுக்கு 170 பவுண்டுக்கு மேல். போனில் ஆப் வழியாக ஊர்ச் சேனல் பார்த்தாலும் நேரலை நேரலைதான். மாமியார் வந்திருக்கும்போது இதை மறக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் விசாவோடு இங்கே வசித்தாலே வாக்காளர் பட்டியலில் சேரலாம், நாடாளுமன்றத் தேர்தலில்கூட ஓட்டுப் போடலாம். அமெரிக்காவில் எட்டு வருடம் வரி கட்டினேன், பள்ளி வாரியத் தேர்தலில்கூட ஓட்டு இல்லை. இங்கே வந்து ஒரு வருடத்துக்குள் ஓட்டுச் சாவடியில் நின்றேன். பட்டியலில் பெயர் இருந்தால் கிரெடிட் சரித்திரமும் வளரத் தொடங்கும் என்பது கூடுதல் லாபம். (வாழ்க்கைத் துணை அமெரிக்கக் குடிமகன் என்றால் அவருக்கு இந்த வாய்ப்பு கிடையாது. எங்கள் நண்பர் வீட்டில் இன்றுவரை இது ஒரு நையாண்டி.)

மூன்றாம் படி: பள்ளி

இதில்தான் நிதானமாக இருக்க வேண்டும்.

முதலில் வகுப்புக் கணக்கு. அமெரிக்க வகுப்போடு ஒன்றைக் கூட்டுங்கள், அதுதான் இங்கத்திய ‘இயர்’. கிண்டர்கார்டன் பிள்ளை இயர் 1-க்குப் போகும். என் மகள் ஜூனில் இரண்டாம் வகுப்பு முடித்தாள். செப்டம்பரில் அவளை இயர் 4-இல் போட்டார்கள். ஒரு வருடம் தாண்டவைத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். ஒன்றும் தாண்டவில்லை, அதே வயதுப் பிள்ளைகள்தான். இங்கே நான்கு வயது முடிந்த செப்டம்பரிலேயே ‘ரிசெப்ஷன்’ வகுப்பு தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் இன்னும் ஒரு வருடம் மணலில் விளையாடிக்கொண்டிருந்திருப்பான் என் மகன். இங்கே சாம்பல் நிறக் கால்சட்டையும் சட்டையும் போட்டுக்கொண்டு பையோடு கிளம்பினான். வயதுக் கணக்கு செப்டம்பர் 1-இல் வெட்டுகிறது. ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே சின்னது.

அடுத்தது இடம் பிடிப்பது. நல்ல பள்ளி வட்டாரத்தில் வீடு எடுத்தால் பள்ளி தானாக வரும் என்பது அமெரிக்கப் பழக்கம். அந்த மாவட்டத்தில் குடியிருந்தால் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். இங்கே முகவரி ஒரு வாய்ப்புதான், உத்தரவாதம் அல்ல. ரிசெப்ஷனிலிருந்து இயர் 2 வரை ஒரு வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். நிரம்பிவிட்டால் பள்ளிக்கு எதிர்வீட்டில் இருந்தாலும் காத்திருப்போர் பட்டியல்தான். எங்களுக்கு மகனுக்குப் பக்கத்துப் பள்ளியிலும் மகளுக்கு இருபது நிமிட நடையில் இன்னொரு பள்ளியிலும் இடம் கிடைத்தது. இரண்டும் காலை 8.45-க்கு மணி அடிக்கும். முதல் பருவம் முழுக்க நான் ஓடினேன்.

ஆகவே வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த ஊர்க் கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவைக் கூப்பிட்டு, ‘இயர் 4-இல் எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது’ என்று கேளுங்கள். சொல்வார்கள். இடம் இருக்கிற பள்ளியைச் சுற்றி வீடு தேடுங்கள். வருட நடுவில் வருகிறவர்கள் எந்த மாதமும் விண்ணப்பிக்கலாம். ஆனால் முன்கூட்டியே வந்துவிட்டவர்களுக்கு, ரிசெப்ஷனுக்கு ஜனவரி 15, மேல்நிலைப் பள்ளியின் இயர் 7-க்கு அக்டோபர் 31 என்று கெடு உண்டு. இது அதற்கு அடுத்த செப்டம்பருக்கான விண்ணப்பம், மறந்துவிட்டால் மிஞ்சியதுதான் கிடைக்கும்.

‘பப்ளிக் ஸ்கூல்’ என்று யாராவது சொன்னால் இலவசப் பள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். ஊட்டியில் அந்தப் பெயரில் இருப்பவை எப்படிப்பட்டவையோ, அப்படிப்பட்டவைதான் இங்கேயும். பணம் கட்டுவது. அரசுப் பள்ளிக்கு ‘ஸ்டேட் ஸ்கூல்’ என்று பெயர்.

மஞ்சள் பஸ் வராது. சின்னப் பிள்ளைகளை நீங்கள்தான் கொண்டுபோய் விட்டு, மூன்றேகால் மணிக்கு வாசலில் நின்று அழைத்துவர வேண்டும். இரண்டு பேரும் முழுநேர வேலை என்றால் ‘ஆஃப்டர் ஸ்கூல் கிளப்’ இடத்தைப் பள்ளி கிடைத்த அன்றே கேளுங்கள், அதற்கும் வரிசை உண்டு. ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் மதிய உணவு இலவசம். சைவம் என்று எழுதிக் கொடுத்தால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள். சீருடையை சூப்பர்மார்க்கெட்டிலேயே வாங்கலாம், பள்ளி முத்திரை போட்ட ஸ்வெட்டர் மட்டும் தனிக்கடை. ஒவ்வொரு துணியிலும் பெயர்ச்சீட்டு தையுங்கள். ஒரே மாதிரி முப்பது ஸ்வெட்டர் ஒரு அறையில் கழற்றிப் போடப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

பாடத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று. இயர் 4 பிள்ளைகளுக்கு ஜூனில் நாடு முழுக்க வாய்ப்பாட்டுச் சோதனை உண்டு. பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு நொடி. அமெரிக்காவில் பெருக்கலுக்குப் படம் வரைந்து பழகிய என் மகள் மிரண்டுவிட்டாள். என் அப்பாவுக்குச் செய்தி போயிற்று. தினமும் இரவு மதுரையிலிருந்து வீடியோவில் வந்து, ‘ஏழெட்டு?’ என்பார். தாத்தாவுக்கும் பேத்திக்கும் அதுவரை பேச்சே ‘சாப்பிட்டியா’வோடு முடிந்துகொண்டிருந்தது.

விடுமுறையில் கவனம். அமெரிக்காவில் பத்து வாரத்துக்கு மேல் கோடை விடுமுறை, நிதானமாக ஊருக்குப் போய் வரலாம். இங்கே ஜூலை மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் பள்ளி மூடும், ஆறே வாரத்தில் திறந்துவிடும். பதிலுக்கு ஒவ்வொரு பருவத்தின் நடுவிலும் ஒரு வாரம் ‘ஹாஃப் டெர்ம்’. டிக்கெட் மலிவு என்று ஜூலை முதல் வாரமே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பினால் அபராதம் வரும். ஐந்து நாள் அனுமதியில்லாமல் போனாலே போதும். ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பாடுதான் தெரியுமே. தீபாவளிக்கு ஒரு நாள் விடுப்பு மதக் காரணத்துக்காகக் கேட்டால் தருவார்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மகள் பள்ளிக்குப் போன முதல் நாள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: ‘இந்த வகுப்பில் ஒளிந்துகொள்ளும் மூலை எது?’ நியூ ஜெர்சியில் தீ விபத்துப் பயிற்சி மாதிரியே, துப்பாக்கிக்காரன் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் உட்காரும் பயிற்சியும் வழக்கம். டீச்சருக்கு முதலில் புரியவில்லையாம். சாயங்காலம் வாசலில் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அந்தக் கேள்விக்கு நான் எப்படியோ பழகிப்போயிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

நான்காம் படி: காய்ச்சல் வந்தால்

விசாவோடு சேர்த்து மருத்துவக் கட்டணத்தை ஏற்கனவே கட்டியிருப்பீர்கள், ஆண்டுக்குப் பெரியவருக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. ஆகவே வந்த வாரமே பக்கத்து ஜிபி (குடும்ப டாக்டர்) மருத்துவமனையில் குடும்பம் மொத்தமும் பதிவு செய்துகொள்ளுங்கள். உடம்பு சரியில்லாத அன்று பதிவு செய்யப் போகாதீர்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கென்று தனி டாக்டர், வருடம் ஒரு முறை முழுப் பரிசோதனை, கையில் ஸ்டிக்கர். இங்கே அதெல்லாம் இல்லை. பாட்டி முதல் பேரன் வரை ஒரே ஜிபிதான், குழந்தை மருத்துவரைப் பார்க்க அவர் எழுதித் தர வேண்டும். நன்றாக இருக்கிற பிள்ளையைக் கூட்டிப்போனால் ‘எதற்கு வந்தீர்கள்’ என்பது போலப் பார்ப்பார்கள். காய்ச்சலோடு கூட்டிப்போனாலும் பல தடவை பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு என்ற மூன்றோடு அனுப்பிவிடுவார்கள். அலட்சியம் என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். ஆன்டிபயாடிக்கை எடுத்தவுடன் நீட்டுவதில்லை என்பது இவர்கள் கொள்கை என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் கவலை தீரவில்லை என்றால் மறுபடி கேளுங்கள். ‘சரி, டாக்டருக்குத் தெரியாததா’ என்று திரும்பி வந்துவிடாதீர்கள். இங்கே பணிவாக வற்புறுத்துகிறவருக்குத்தான் அடுத்த கட்டம் திறக்கிறது.

டைலனால் என்று கடையில் கேட்டால் விழிப்பார்கள். அதுவும் பாராசிட்டமால்தான், நம் ஊர் டோலோவும் அதுதான், குழந்தைகளுக்கான சிரப்பின் பெயர் கால்பால். பெரிய டப்பாவில் 500 மாத்திரை வாங்கிய பழக்கம் இங்கே செல்லாது. சூப்பர்மார்க்கெட்டில் ஒரு அட்டையில் 16 மாத்திரைதான், இரண்டு அட்டைக்கு மேல் பில் போட மாட்டார்கள். தற்கொலைகளைக் குறைக்க 1998-இல் கொண்டுவந்த கட்டுப்பாடு. காய்ச்சலை இவர்கள் செல்சியஸில் சொல்வார்கள்: 38 என்றால் உங்கள் பழைய 100.4.

அவசரம் என்றால் 911 அல்ல, 999. பிள்ளைகளுக்கு இதை வந்த அன்றே மனப்பாடம் செய்யவையுங்கள். அவசரமா இல்லையா என்று தெரியாத நேரத்துக்கு 111. இரவு இரண்டு மணிக்கு மகனுக்கு மூச்சிரைத்தபோது நான் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகத்தான் பார்த்தேன், ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் ஆயிரக்கணக்கில் பில் வருமே என்ற அமெரிக்கப் பயம். 111-இல் பேசிய பெண் நிதானமாக நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு அவரே ஆம்புலன்ஸை அனுப்பினார். பில் வரவில்லை. மூன்று மாதம் வரை தபால்பெட்டியைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் பெரியவர்கள் ஒரு மருந்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் கொடுக்க வேண்டும், பதினாறு வயதுக்குக் கீழ் இலவசம். பிள்ளைகளுக்குப் பல் மருத்துவமும் இலவசம்தான், அதைச் செய்ய ஒத்துக்கொள்ளும் பல் டாக்டரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. இன்னொன்று: சின்னம்மைத் தடுப்பூசி அமெரிக்காவில் 1995 முதல் உண்டு, இங்கே 2026 தொடக்கத்தில்தான் அட்டவணையில் சேர்ந்தது. வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருக்கிறது என்று செய்தி வந்தால் பதறாதீர்கள். மற்ற அம்மாக்கள் ‘வந்து போய்விட்டால் நல்லது’ என்று பேசுவது நம் பாட்டிகள் பேசியது மாதிரியே இருக்கும், வேப்பிலை ஒன்றுதான் குறை.

ஐந்தாம் படி: கார்

இடது பக்கம் ஓட்டுவது நம் ரத்தத்திலேயே இருக்கிறது, இரண்டு நாளில் வந்துவிடும். சிவப்பு விளக்கில் ஓரமாகத் திரும்பும் அமெரிக்கப் பழக்கத்தை மட்டும் அடியோடு விட வேண்டும். இங்கே சிவப்பு என்றால் நிற்பதுதான். ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழிவிட வேண்டும்.

அமெரிக்க லைசென்ஸோ இந்திய லைசென்ஸோ, குடியேறிய 12 மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு நீங்கள் ‘எல்’ பலகை மாட்டிய மாணவர், இருபது வருட அனுபவம் இருந்தாலும் சரி. மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை. 50 கேள்வியில் 43 சரியாக வர வேண்டிய எழுத்துத் தேர்வு, அப்புறம் சாலைத் தேர்வு. சாலைத் தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்காகும். ஆகவே முதல் மாதமே தற்காலிக லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம், பரவாயில்லை, அதுவே போதும். பிள்ளைகளுக்கு 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை தனி இருக்கை.

ஆறாம் படி: பேச்சு

விதிமுறைகளை யாரும் கற்றுக்கொள்ளலாம். எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான்.

அமெரிக்காவில் எதற்கும் ‘ஆசம்!’ பிள்ளை ஒரு கோடு கிழித்தாலும் ‘கிரேட் ஜாப்!’ அதில் வளர்ந்த என் மகள் கட்டுரை எழுதிக் காட்டினாள், டீச்சர் ‘நாட் பேட் அட் ஆல்’ என்றார். வீட்டுக்கு வந்து அழுதாள். நான் என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 98 வாங்கி வந்தபோது அவர் சொன்னது, ‘பரவாயில்லையே.’ அதற்கு மேல் அவரிடம் வார்த்தை கிடையாது, அதைக் கேட்டு அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. இதைத்தான் மகளிடம் சொன்னேன்: இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் உன் தாத்தா மாதிரி. அப்புறம் அவளுக்குச் சிரமமே இல்லை.

‘க்வைட் குட்’ என்றால் அமெரிக்காவில் பாராட்டு. இங்கே ‘ஏதோ சுமார்’. ‘இன்ட்ரஸ்டிங்’ என்று இழுத்துச் சொன்னால் பெரும்பாலும் பிடிக்கவில்லை. பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பில் ‘இன்னும் கொஞ்சம் கவனம் செலுத்தலாம்’ என்று மெதுவாகச் சொல்லப்பட்டால் அதை உரக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘யூ ஆல்ரைட்?’ என்று காலையில் எதிர்ப்படுகிறவரெல்லாம் கேட்பார்கள். முதல் வாரம் ‘என்ன, நான் அழுத மாதிரியா தெரிகிறேன்’ என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். அது நம் ‘சாப்பிட்டாச்சா?’ மாதிரி. யாரும் மெனு கேட்கவில்லை. திருப்பி ‘யூ ஆல்ரைட்?’ என்றால் போதும். ‘யூ மஸ்ட் கம் ரவுண்ட் சம்டைம்’ என்பதும் நம் ‘ஒரு நாள் வீட்டுக்கு வாங்க’தான். தேதியும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. வட இங்கிலாந்துப் பக்கம் ‘டீக்கு வாருங்கள்’ என்றால் ராச்சாப்பாடு என்று அர்த்தமாக இருக்கலாம், வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போங்கள்.

நியூ ஜெர்சியில் குடிபோன அன்றே பக்கத்து வீட்டுப் பெண்மணி குக்கீ தட்டோடு வந்து, என்ன வேலை, எங்கே படித்தீர்கள், எல்லாம் கேட்டுவிட்டுப் போனார். எட்டு வருடத்தில் அதற்கு மேல் நெருக்கம் வளரவில்லை. இங்கே பக்கத்து வீட்டுத் தாத்தா மூன்று மாதம் மழையைப் பற்றி மட்டும் பேசினார். நான்காம் மாதம் நாங்கள் ஊருக்குப் போன இரண்டு வாரமும் எங்கள் குப்பைத்தொட்டியைச் சரியான நாளில் வெளியே வைத்து, உள்ளே எடுத்து, வந்த பார்சல்களை வாங்கி வைத்திருந்தார். எந்தத் தொட்டி எந்த வாரம் என்பது இங்கே பஞ்சாங்கம் மாதிரி, கவுன்சில் காலண்டரைப் பிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: கடை கண்ணி

அட்டையில் போட்டிருக்கும் விலைதான் விலை, கல்லாவில் வரி சேர்க்க மாட்டார்கள். உணவகத்தில் 20 சதவீதம் டிப்ஸ் வைக்க வேண்டாம். பில்லிலேயே சேவைக் கட்டணம் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் பத்து சதவீதம் தாராளம். கொத்தமல்லிக்கு இங்கே ‘சிலான்ட்ரோ’ அல்ல, நாம் படித்த ‘கொரியாண்டர்’தான். கத்தரிக்காய் மட்டும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த ‘ஓபர்ஜீன்’. பால் பைன்ட் கணக்கில் வரும். இங்கத்திய பைன்ட் 568 மில்லி, அமெரிக்க பைன்ட் 473. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு நிதானமாகக் கிளம்பி, சாத்திய கதவின் முன்னால் நின்ற குடும்பங்களில் நாங்களும் ஒன்று.

நியூ ஜெர்சியில் ஓக் ட்ரீ சாலை என்றால் குஜராத்தி, தெலுங்குக் கடைகளுக்கு நடுவில் தமிழைத் தேட வேண்டும். இங்கே லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் போனால் பெயர்ப்பலகையே தமிழில் இருக்கும். பெரும்பாலும் ஈழத் தமிழர் கடைகள். முருங்கைக்கீரை, சிவப்பரிசி மா, சுடச்சுட மீன் ரோல்ஸ். ‘என்ன தங்கச்சி, புதுசோ? எந்த இடம்?’ என்று கடைக்கார அண்ணன் கேட்டபோது என் மகன் என் புடவையைப் பிடித்து இழுத்து, ‘அம்மா, இவர் தமிழ் பேசுகிறார், ஆனால் பாட்டு மாதிரி இருக்கிறது’ என்றான்.

எட்டாம் படி: பிறந்தநாளும் பண்டிகையும்

பிறந்தநாள் அழைப்பு வந்தால் வருகிறோமா இல்லையா என்று உடனே பதில் போடுங்கள். போகும்போது பரிசோடு ஒரு வாழ்த்து அட்டையும் கட்டாயம், இங்கே அட்டை இல்லாத பரிசு பாதிப் பரிசு. பரிசை எல்லார் முன்னாலும் பிரிக்க மாட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் பிரித்துவிட்டு நன்றி அனுப்புவார்கள். கேக்கை வெட்டுவார்கள், ஆனால் பல வீடுகளில் அங்கே சாப்பிடத் தர மாட்டார்கள். காகிதக் கைக்குட்டையில் சுற்றிப் ‘பார்ட்டி பை’யில் போட்டுக் கையில் கொடுத்தனுப்புவார்கள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை ஞாபகம் வந்தது எனக்கு.

தேங்க்ஸ்கிவிங் கிடையாது. அன்னையர் தினம் மேயில் அல்ல, ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால், பெரும்பாலும் மார்ச்சில். மார்ச் முதல் வியாழன் உலகப் புத்தக நாள், பிள்ளைகள் ஏதாவது ஒரு கதாபாத்திரமாக வேடம் போட்டுப் பள்ளிக்குப் போவார்கள். இது முந்தின இரவு ஒன்பது மணிக்குத்தான் உங்களுக்குத் தெரியவரும், ஏனென்றால் எல்லாத் தகவலும் வகுப்பு வாட்ஸாப் குழுவில்தான் வரும். அந்தக் குழுவில் சேராமல் இருக்காதீர்கள். கிறிஸ்துமஸ் அன்று ரயில் ஓடாது, பஸ்ஸும் அநேகமாகக் கிடையாது, கடையும் இருக்காது. முந்தின நாளே பால், தயிர் வாங்கி வையுங்கள்.

தீபாவளிக்கு வருகிறேன். நியூ ஜெர்சியில் கையில் பிடிக்கிற, தரையில் வைக்கிற மத்தாப்பு வகைகளுக்கு மேல் அனுமதி கிடையாது. இங்கே நிலைமை வேறு. 1605-இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த சதி பிடிபட்டதைக் கொண்டாட ஒவ்வொரு நவம்பர் 5-ஆம் தேதியும் வாணவேடிக்கை நடக்கிறது. அக்டோபர் பாதியிலிருந்தே கடையில் பட்டாசு கிடைக்கும், வாங்குகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். சாதாரண நாளில் இரவு 11 மணிக்கு மேல் வெடிக்கக் கூடாது. தீபாவளி இரவு மட்டும் ஒரு மணி வரை வெடிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை இரவுக்குத்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்கு முதல் சரம் வைக்கிற வீட்டுக்காரர்கள், ஏழு மணி அடிக்கும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். என் அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, அடுத்த அக்டோபரில் வருகிறார்.